பில் அச்சிடும் பகுதி இயங்காதது, உங்கள் ஆதரவுப் பிரிவு செய்த சேதம் குறித்த புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், ஆஃப்செட் அச்சகம், சிவகாசி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் பில்லிங் சாஃப்ட்வேரின் புதிய அப்டேட்டைப் போட்டதும் எங்கள் கம்ப்யூட்டரில் பில் பிரிண்ட் ஆவது நின்றுபோனது. சாஃப்ட்வேர் திறந்தது, கணக்கு ஏறியது. பிரிண்ட் பட்டனை அழுத்தினால் மட்டும், பிரிண்ட் மாட்யூலைக் காணவில்லை என்று பிழை எண் 126 வந்தது. காலண்டர் சீசனில் பில் இல்லாமல் லாரி ஆபீஸுக்குச் சரக்கு அனுப்ப முடியுமா?

அந்த மாட்யூல் ஃபைல் உங்கள் ஃபோல்டரிலேயே இருக்கிறது. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பியும், உங்கள் ஆதரவுப் பிரிவில் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. முதலில் ரீஇன்ஸ்டால் பண்ணச் சொன்னார்கள், அப்புறம் விண்டோஸையே ஃபார்மட் பண்ணச் சொன்னார்கள். 126 என்றால் பெயர் சொல்லப்பட்ட ஃபைல்தான் இல்லை என்று அர்த்தமில்லை. அந்த ஃபைல் நம்பியிருக்கும் வேறொரு டிஎல்எல் (சாஃப்ட்வேர் ஓடத் தேவையான துணை ஃபைல்) கிடைக்காவிட்டாலும் இதே எண்தான் வரும். சாஃப்ட்வேர் விற்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பெரிய வருத்தம். ரிமோட்டில் வந்த உங்கள் ஊழியர், எங்கிருந்தோ எடுத்த விசிரன்டைம்140.டிஎல்எல் ஃபைலை விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் அதே பெயரில் இருந்த ஃபைலின் மேலேயே காப்பி செய்தார். அது 32 பிட் ஃபைல், 64 பிட் சாஃப்ட்வேருக்கு அது உதவாது. பெயரில் 32 இருந்தாலும், 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32-க்குள் இருக்க வேண்டியவை 64 பிட் ஃபைல்கள். 32 பிட்டுக்கு சிஸ்வாவ்64 என்று தனி ஃபோல்டர் உண்டு. அவர் இணைப்பைத் துண்டித்த பிறகு உங்கள் சாஃப்ட்வேர் 0xc000007b என்ற பிழையோடு திறக்கவே மறுத்தது. நாங்கள் டிசைன் போடும் சாஃப்ட்வேரும் அதோடு படுத்துவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேலையும் உங்கள் ஆளால் நின்றது.

கடைசியில் என் தங்கை மகன் வந்து, முதலில் அந்த 32 பிட் ஃபைலை எடுத்துவிட்டுப் பழைய ஃபைலைத் திரும்பப் போட்டான். பிறகு, ஒரு சாஃப்ட்வேர் எந்தெந்த ஃபைலைத் தேடுகிறது என்று காட்டும் மைக்ரோசாஃப்ட்டின் ப்ராசஸ் மானிட்டரை ஓடவிட்டு, உங்கள் சாஃப்ட்வேரின் பெயரை மட்டும் ஃபில்டர் செய்து, பிரிண்ட் பட்டனை அழுத்திக் காட்டினான். விசிரன்டைம்140_1.டிஎல்எல் என்ற ஃபைலை உங்கள் ஃபோல்டரிலும், சிஸ்டம்32-லும், பாத்தில் (விண்டோஸ் ஃபைல் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலில்) உள்ள ஒவ்வொரு இடத்திலும் தேடித் தேடி, ஒவ்வொரு வரியிலும் 'நேம் நாட் ஃபவுண்ட்' என்று வந்தது. இந்த டிஎல்எல்களைத் தருவது மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் சி++ தொகுப்பு; எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது அதன் 2015 பதிப்பு. இந்த ஃபைல் 2019 தொகுப்போடு வந்தது. பிரிண்ட் மாட்யூலை மட்டும் புதிய கம்பைலரில் (எழுதிய நிரலை ஓடும் சாஃப்ட்வேராக மாற்றும் கருவியில்) கட்டிவிட்டு, அதற்கு வேண்டிய தொகுப்பை இன்ஸ்டாலரில் வைக்காமல் விட்டது நீங்கள்தான். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 2015-2022 தொகுப்பின் 64 பிட் பதிப்பைப் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. அதை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

அந்தத் தொகுப்பை உங்கள் இன்ஸ்டாலரிலேயே சேருங்கள். இல்லாத ஃபைலின் பெயரைப் பிழைச் செய்தியில் காட்டுங்கள். சிஸ்டம்32-ல் கைவைக்கக் கூடாதென்று உங்கள் ஊழியர்களுக்கு எழுத்தில் உத்தரவு போடுங்கள். இந்த ஆண்டு நான் கட்டிய பராமரிப்புக் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிவு செய்வேன். ப்ராசஸ் மானிட்டர் பதிவையும் ஸ்க்ரீன்ஷாட்டுகளையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர்