கம்பிக்கும் ஏணிக்கும் நடுவே

ஆசிரியருக்கு வணக்கம்.

வியாசர்பாடியில் 22 வருடமாக எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன். போன வாரம் ஒரு வீட்டு மொட்டைமாடியில் சீரியல் லைட் கட்டக் கூப்பிட்டார்கள். கைப்பிடிச் சுவரிலிருந்து கையை நீட்டினால் 11 கே.வி. லைன், அதாவது 11,000 வோல்ட் ஓடும் கம்பி. முடியாது என்றேன். "கம்பியைத் தொடாமல் கட்டுங்களேன்" என்றார் வீட்டுக்காரர்.

தொடவே வேண்டாம் சார். அந்தக் கம்பிக்கு மிக அருகே போனாலே மின்சாரம் காற்றைத் தாண்டிப் பாயும். அலுமினிய ஏணி அதற்கு வழி போட்டுக் கொடுக்கும். மழையில் நனைந்த மூங்கிலும் அப்படித்தான். மத்திய மின்சார ஆணைய விதிப்படி 11 கே.வி. கம்பி கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டராவது, மேலே 3.7 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அது கட்டடத்துக்கான கணக்கு. பத்தடி ஏணியைத் திருப்புகிறவனுக்கு 1.2 மீட்டர் எந்த மூலைக்கு?

எங்கள் சந்துகளில் லைன் முதலில் வந்தது, மாடி அப்புறம் ஏறியது. மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, சப்ளையை நிறுத்தி, லைனை எர்த் செய்த (தரையோடு இணைத்த) பிறகுதான் எங்களைக் கூப்பிட வேண்டும்.

எனக்கு அரை நாள் கூலி போனது, சரி. வீட்டுக்காரர் வேறு ஆளைத் தேடுவதாகச் சொன்னார். அந்த ஆள் இதைப் படித்தால் தேவலை.

ஒரு எலக்ட்ரீஷியன்,
வியாசர்பாடி, சென்னை