கோரிக்கை மனு: ஹெட்செட் போட்ட ஆள் ஒதுங்கி நின்னு கை காட்டாம எந்த ப்ளேனும் நகரக் கூடாது

அனுப்புநர்: புஷ்பேக் (நிக்கற ப்ளேனை பின்னாடி தள்ளி விடறது) ஹெட்செட் வேலை பாக்குற கிரவுண்ட் ஸ்டாஃப், கூட வேலை பாக்குற பசங்க எல்லார் சார்பாவும், தமிழ்நாடு

பெறுநர்: உயர்திரு டைரக்டர் ஜெனரல் அவர்கள், டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்), சஃப்தர்ஜங் ஏர்போர்ட் எதிரில், புது டெல்லி

பொருள்: டாக்ஸி (ப்ளேன் தன் எஞ்சின்லயே தரையில உருண்டு போறது) கிளம்புறதுக்கு முன்னாடி தரையில நிக்கற ஆட்களோட பாதுகாப்பு சம்பந்தமா

ஐயா வணக்கம்,

ஆபீஸ் தமிழ்ல எழுத எனக்கு வராது, பேசுற மாதிரியே எழுதுறேன், மன்னிக்கணும். பதினோரு வருஷமா ஏப்ரன்ல, அதாவது ப்ளேன் நிக்கற தளத்துல இருக்கேன், முதல்ல லோடர், அப்புறம் ப்ளேனைத் தள்ளுற டக் வண்டி டிரைவர், இப்ப ஆறு வருஷமா ஹெட்செட், அதாவது கீழ நின்னு வயர் வழியா பைலட்கிட்ட பேசுற வேலை. நான் இருக்கற கம்பெனி பேரையோ ஏர்போர்ட் பேரையோ இதுல போடல, யார் மேலயும் ஆக்‌ஷன் எடுக்கச் சொல்லி இந்த மனு இல்ல.

2015 டிசம்பர் 16, மும்பை. ஹைதராபாத் கிளம்ப வேண்டிய ஏர் இந்தியா ஏ319, புஷ்பேக் முடிஞ்ச நேரம், ஆள் இன்னும் எஞ்சின் பக்கத்துலயே நிக்கறப்ப வண்டி நகர்ந்து, ஒரு டெக்னீஷியனை எஞ்சின் உள்ள இழுத்துருச்சு. உங்க ஆபீஸுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்ல. ஆனா அந்த மனுஷன் செஞ்ச வேலையத்தான் நான் தினமும் அஞ்சாறு தடவை செய்றேன், அதே இடத்துல நிக்கறேன், அதனால வருஷம் பத்துக்கு மேல ஆகியும் எனக்கு அது பழைய செய்தியா ஆகல.

அந்த கடைசி ரெண்டு நிமிஷத்துல என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லிர்றேன், மேல இருந்து பாக்குறப்ப இது ரொம்ப சின்ன விஷயமா தெரியும். புஷ்பேக் முடியுது, பைலட்டை பார்க்கிங் பிரேக் போடச் சொல்றோம், போட்டாச்சுன்னு சொன்ன பிறகு டக்கையும் ப்ளேனையும் இணைக்கிற டோ பாரை கழட்டறோம், தள்ளுறப்ப ஸ்டியரிங் வேலை செய்யாம இருக்க நோஸ் வீல்ல குத்தியிருக்கற பைபாஸ் பின்னை உருவுறோம், ஹெட்செட் வயரை பிடுங்கிட்டு தள்ளிப் போய் நின்னு, செவப்புத் துணி தொங்குற அந்தப் பின்னை உயர்த்திக் காட்டி கட்டை விரலைத் தூக்குறோம், பைலட் பதிலுக்கு கை காட்டணும், அதுக்கப்புறம்தான் டாக்ஸி. வயரைப் பிடுங்கின நிமிஷத்துல இருந்து எங்களுக்கும் காக்பிட்டுக்கும் பேச்சு கிடையாது. மிச்சம் இருக்கறது கண்ணு மட்டும்தான். காக்பிட்ல உக்காந்தா எஞ்சின் தெரியாது, மூக்குக்குக் கீழ நிக்கற ஆளும் தெரியாது. ஏ320 வகை வண்டியில பின் குத்தியிருந்தா ஸ்டியரிங் கட் ஆகியிருக்குன்னு உள்ள ஒரு மெசேஜ் காட்டும், பின்னை உருவுனா அது போயிரும். அது போனா பின் எடுத்தாச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். எடுத்த ஆள் எங்க நிக்கறான், அவன் கூட வந்த இன்னொருத்தன் எங்கன்னு அது சொல்லாது.

எனக்கே நடந்ததைச் சொல்றேன். மூணு வருஷம் முன்னாடி, ராத்திரி, நல்ல மழை. ஹெட்செட்ல ஒரே கரகரப்பு, பாதியில சத்தம் சுத்தமா நின்னு போச்சு, சரின்னு கை சைகையில முடிச்சோம். நான் பின்னை உருவிட்டு இடது பக்கம் நடக்குறேன், கூட இருந்த பையன் ஓரத்துல கிடந்த, வீலுக்கு முட்டுக் கொடுக்குற சாக் கட்டையை எடுக்க குனிஞ்சிட்டு இருக்கான். அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் டக் டிரைவரைப் பாத்து, நீ கிளம்புன்னு கட்டை விரலைத் தூக்குறார். காக்பிட்ல இருந்து பாத்தவங்களுக்கு அது தங்களுக்குக் காட்டுன விரலா தெரிஞ்சிருக்கு. டாக்ஸி லைட் எரிஞ்சுது, வீல் உருள ஆரம்பிச்சுது. நான் ரெண்டு கையையும் தலைக்கு மேல குறுக்க போட்டு கத்துனேன், காதுல மஃப் மாட்டியிருக்கற பையனுக்கு எங்க கேக்கப் போகுது, ஓடிப்போய் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். வண்டி நின்னுருச்சு. அதுக்குள்ள ஒரு ஆள் உயரம் உருண்டிருக்கும். பைலட்டை நான் குத்தம் சொல்லல, மழைக் கண்ணாடி வழியா மங்கலா ஒரு விரல் தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான். மறுநாள் எங்ககிட்ட கேட்ட ஒரே கேள்வி அந்த ஃப்ளைட் ஏன் நாலு நிமிஷம் லேட்டுன்னு.

மஃப் போட்டவனுக்கு எந்த எஞ்சின் ஓடுது எந்த எஞ்சின் ஓடலன்னு பிரிச்சுத் தெரியாதுங்க. பக்கத்து பேல (ப்ளேன் நிறுத்துற இடம்) ஓடுறதும் நம்ம வண்டியில ஓடுறதும் ஒரே இரைச்சல். சும்மா ஐடில்ல இருக்கற எஞ்சினுக்கு முன்னாடியே பல அடி தூரத்துக்கு ஆள் போகக் கூடாது, பவர் கொடுத்தா இன்னும் அதிகம். டாக்ஸி ஆரம்பிக்க நின்ன இடத்துல இருந்து உருளணும்னா பல நேரம் கொஞ்சம் பவர் கொடுக்க வேண்டியிருக்கும்.

பிரீஃபிங் நடத்துங்கன்னு மட்டும் சர்க்குலர் போட்டா பத்தாதுங்கறதுக்கு அமெரிக்காவுல நடந்ததைப் பாருங்க. 2022 டிசம்பர் 31, அலபாமா மாண்ட்கமரி ஏர்போர்ட், எம்ப்ரேயர் 175. ஏபியு (ப்ளேன் நிக்கறப்ப கரண்ட் கொடுக்குற சின்ன எஞ்சின்) வேலை செய்யல, கீழ இருந்து கரண்ட் கொடுக்குற வரைக்கும் எஞ்சின் ஓடும்னு வண்டி வர்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கூடிப் பேசியிருக்காங்க. எஞ்சின் ஓடுதுன்னு எச்சரிக்கிற பீக்கன் லைட்டும் எரிஞ்சுட்டுதான் இருந்துச்சு. அப்படியும் கோன் வைக்கப் போன ஒரு பொண்ணை எஞ்சின் இழுத்துருச்சு. சொன்னாங்க, கேட்டாங்க, ஆனா அந்த நிமிஷத்துல தடுக்க அங்க ஒண்ணும் இல்ல. நம்ம ஊர்லயே 2019 ஜூலை 10, கொல்கத்தா, ஸ்பைஸ்ஜெட் க்யூ400ல மெயின்டனன்ஸ் நடக்கறப்ப லேண்டிங் கியர் கதவு மூடிக்கிட்டு 22 வயசு டெக்னீஷியன் இறந்தார். அது டாக்ஸி சம்பந்தப்பட்டது இல்லதான். ஆனா மெஷினுக்குள்ள ஆள் இருக்கறது தெரியாம மெஷின் அசைஞ்சா என்ன ஆகும்ங்கறது ரெண்டுலயும் ஒண்ணுதான்.

அதனால நாங்க கேக்குறது முக்கியமா ஒண்ணு. வயரைப் பிடுங்குறதுக்கு முன்னாடி, கீழ எத்தனை பேர் நிக்கறோம், எந்தப் பக்கம் ஒதுங்கிப் போறோம், பின்னைக் காட்டப் போறது யாருன்னு ஹெட்செட் ஆள் வாய்விட்டுச் சொல்லணும், பைலட் அதைத் திருப்பிச் சொல்லணும். மூணு பேருன்னு சொன்னா மூணு பேரும் கண்ணுல பட்ட பிறகுதான் டாக்ஸி லைட்டு. ஒரு ஆள் குறைஞ்சாலும் பிரேக்கை எடுக்கக் கூடாது. ஏர்லைனுக்கு ஏர்லைன் மாறாம எல்லாருக்கும் ஒரே மாதிரி கட்டாயமா இதை நீங்க போடணும். இதுக்கு புது மெஷின் வேணாம், செலவு இல்ல, பத்து செகண்ட் ஆகும். ஹெட்செட் பழுதானா அந்தப் புஷ்பேக்கை அப்படியே நிறுத்திட்டு வேற ஹெட்செட் வந்த பிறகுதான் தொடரணும், சைகையில சமாளிக்கச் சொல்லக் கூடாது, நாங்க அன்னைக்கு பண்ண தப்பு அதுதான். காக்பிட்டைப் பாத்து கட்டை விரல் தூக்குற உரிமை ஒரே ஒருத்தருக்குத்தான் இருக்கணும், அவர் போட்டிருக்கற ஜாக்கெட் கலர்லயே அது தெரியணும். டக் டிரைவரை அனுப்ப விரலைத் தவிர வேற ஏதாவது சைகை வெச்சுக்கலாம்.

ஆள் பற்றாக்குறையையும் பாக்கணும். றெக்கை எதுலயும் இடிக்காம பாத்துக்கிட்டு நடக்குற விங் வாக்கர் ரெண்டு பேர்னு பேப்பர்ல இருக்கும், பீக் டைம்ல ஒருத்தர் கூட இருக்க மாட்டார், பக்கத்து பேல பேக் ஏத்தப் போயிருப்பார். ஹெட்செட் ஆளே டோ பாரைக் கழட்டி, சாக் கட்டையைத் தூக்கி, எல்லாத்தையும் பாக்கணும்னா அவர் கண்ணு எங்க இருக்கும்? ஷிஃப்ட் முடிஞ்சவங்களையே ரிலீவர் வரலன்னு நிறுத்தி வெக்கறதும் நடக்குது. பைலட்டுக்கு ஓய்வு நேரம் பத்தி நீங்க விதி போட்டிருக்கீங்க, வாரத்துக்கு 36 மணி நேரமா இருந்ததை 48ன்னு ஏத்துனீங்க, சந்தோஷம். பதினாலாவது மணி நேரத்துல எஞ்சினுக்குப் பக்கத்துல நிக்கறவனுக்கும் தூக்கம் வரும்ங்க.

டிலே கோட் விஷயமும் இதோட சேர்ந்ததுதான். லேட்டானா யார் தலையில எழுதுறதுன்னு அந்தக் கோட்தான் முடிவு பண்ணுது, அது எங்க தலையில விழுந்தா கம்பெனிக்கு ஃபைன், எங்களுக்கு மெமோ. ஆள் எண்ணிக்கை சரி பாக்க நிறுத்துன நிமிஷத்துக்கு யாரையும் பொறுப்பாக்காத தனி கோட் ஒண்ணு வேணும். அது இருந்தா புதுப் பையன் கூட பயப்படாம கையைத் தூக்கி நிறுத்துவான்.

எனக்கு நடந்த மாதிரி தப்பிச்ச கதை எங்க பசங்க கிட்ட நிறைய இருக்கு, எதுவும் எழுத்துல வராது. எழுதுனா முதல்ல எழுதுனவனைத்தான் விசாரிப்பாங்க, ஃபார்மும் இங்கிலீஷ்ல இருக்கு. பத்தாவது, ஐடிஐ முடிச்சுட்டு வந்தவங்க நாங்க. தமிழ்லயும் மத்த மொழிகள்லயும், பேர் போடாம, நேரா உங்க ஆபீஸுக்கே அனுப்புற மாதிரி ஒரு வழி பண்ணிக் கொடுங்க.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு உங்க ஆட்கள் வர்றப்ப முன்கூட்டியே சொல்லிட்டு பகல்ல வர வேணாம்னு கேட்டுக்கறேன். ராத்திரி பன்னண்டுல இருந்து நாலுக்குள்ள, மழை நாள்ல, ப்ளேன் நிக்கற எந்த இடமா இருந்தாலும் வந்து நின்னு ஒரு புஷ்பேக்கைப் பாக்கச் சொல்லுங்க. அன்னைக்கு நான் இழுத்த பையன் இப்ப அவனே ஹெட்செட் போடறான். அவங்க வந்தா என்ன நடந்துச்சுன்னு நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல நின்னு காட்டுறோம்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ஏப்ரன் தொழிலாளர்கள்