குழந்தைகள் அறை தனியாகவே இருக்கட்டும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா? படித்ததும் அவ்வளவு சந்தோஷம். முட்டிவலிக்கு எண்ணெய் தடவுவதோடு விடாதே, டாக்டரைப் போய்ப் பார். இங்கே எல்லோரும் சுகம். மழைதான் ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. பெரியவன் திருப்பூரிலிருந்து தீபாவளிக்குத்தான் வருவானாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் பால்வாடிக்குப் புதுக் கட்டடம் வரப்போகிறது. கட்டுவதுதான் கட்டுகிறோம், ஊருக்கே பயன்படுகிற மாதிரி கட்டிவிடலாம் என்று பேச்சு கிளம்பியிருக்கிறது. பகலில் பால்வாடி, சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம், ராத்திரி எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்கு வகுப்பு, நடுவில் மகளிர் குழுக் கூட்டம், தையல் வகுப்பு. எனக்கும் இதில் ஆசைதான். 1991-ல் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கத்துக்காக நாம் ஊர் ஊராகச் சுற்றினோமே, வகுப்பு நடத்த ஒரு இடம் கிடைக்க என்ன பாடுபட்டோம்! கோயில் வாசல், யார் வீட்டுத் திண்ணையாவது, அதுவும் இல்லையென்றால் தெருவிளக்கு. 2021-ல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோதும் இங்கே திண்ணைதான் கைகொடுத்தது. மழை வந்தால் அன்றைக்கு வகுப்பு இல்லை. ஒரே வேலைக்கென்று கட்டின கட்டடம் மற்ற நேரமெல்லாம் பூட்டிக் கிடப்பதையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

ஆனால் இவர்கள் போட்டிருக்கிற கணக்குதான் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு பெரிய ஹால், எல்லோரும் முறை வைத்துப் புழங்குவது என்கிறார்கள். கட்டடத்தைப் பங்கு போடலாம், குழந்தைகள் அறையைப் பங்கு போடக் கூடாது என்று நான் நிற்கிறேன். மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த அறை முழுக்கப் பழகியிருக்க வேண்டும். பாய் எங்கே, தன் தட்டு எங்கே, பொம்மைக் கூடை எங்கே என்று அதுவே போய் எடுக்க வேண்டும். சாயங்காலம் வருகிறவர்களுக்காகத் தினமும் எல்லாவற்றையும் சுருட்டி பரணில் ஏற்றினால் என்ன ஆகும்? ரெண்டு வாரம் டீச்சர் இறக்கி வைப்பார். அப்புறம் அது பரணிலேயே கிடக்கும், பிள்ளைகள் வெறும் தரையில் உட்கார்ந்திருக்கும். பக்கத்து ஊர் ஒன்றில் பொது ஹாலில் பால்வாடி நடக்கிறது. போன மாதம் எட்டிப் பார்த்தேன். ஒரு மூலையில் சிமெண்ட் மூட்டை, இன்னொரு மூலையில் பந்தல் சாமான். இடையில் கிடைத்த இடத்தில் குழந்தைகள் படுத்துத் தூங்குகின்றன. வயிறு எரிந்தது.

தையல் வகுப்பையும் அந்த அறையில் வைக்கலாம் என்றார்கள். நான் சண்டையே போட்டேன். ஊசியும் குண்டூசியும் விழுந்து கிடக்கிற தரையில் மறுநாள் காலையில் கைக்குழந்தை தவழும். குழுக் கூட்டத்தை மத்தியானம் ரெண்டு மணிக்கு வைப்பதும் அப்படித்தான். சாப்பிட்டுவிட்டு எல்லாம் தூங்குகிற நேரம் அது. சுவருக்கு அந்தப் பக்கம் கடன் வசூல் பேச்சு நடந்தால் எந்தக் குழந்தை கண்ணை மூடும்?

ஒரு அங்கன்வாடிக்குக் குறைந்தது 600 சதுர அடி வேண்டும். உட்கார ஒரு அறை, தனிச் சமையலறை, பொருள் வைக்க அறை, குழந்தைகளுக்கு ஏற்ற கழிப்பறை, உள்ளேயும் வெளியேயும் விளையாட இடம் வேண்டும் என்று அரசு வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அதில் கை வைக்காமல், பக்கத்தில் தனி வாசலோடு இன்னொரு அறை எடுத்தால் என்ன? நடுவில் அகலமான தாழ்வாரம். அந்தத் தாழ்வாரம், முற்றம், தண்ணீர்க் குழாய் எல்லாம் பொது. எடை போடுகிற நாள், நர்ஸம்மா ஊசி போட வருகிற நாளெல்லாம் தாய்மார்கள் தாழ்வாரத்தில் உட்காரட்டும். பெரியவர்களுக்குத் தனிக் கழிப்பறை கட்டாயம் வேண்டும். குழந்தைகளுடையதைப் பொதுவாக்கினால் மறுநாள் காலையில் கழுவுவது ஆயா ஒருத்திதான்.

தாழ்வாரத்துக்கு நான் நினைத்து வைத்திருப்பது ரெண்டு படித் திண்ணை. கீழ்ப்படி பிள்ளைகள் கால் தரையில் படுகிற உயரம், மேல்படி பெரியவர்கள் உட்கார. ராத்திரி வகுப்புக்கு வருகிற கிழவிகளுக்குத் தரையில் சம்மணம் போட முடிவதில்லை. மேலே உட்கார்ந்து, கீழ்ப்படியில் காலை வைத்துக்கொண்டு, மடியில் சிலேட்டை வைத்து எழுதலாம். எத்தனை அங்குலம் சரியாக வரும் என்று நீதான் சொல்ல வேண்டும். ஒன்றிய அலுவலகத்தில் இத்தனை வருஷம் பிளான் பார்த்தவள் நீ.

சமையலறை விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2004-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் போனதை மறக்க முடியுமா? சத்துணவு அடுப்பில் கிளம்பிய தீ கூரையில் ஏறியதுதானே. செலவு குறைய சமையலறையை ஹாலோடு ஒட்டித் தடுப்பு மட்டும் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். தனிச் சுவர், சிலிண்டர் வெளிப்பக்கம், குழந்தைகள் அறைக்கு ரெண்டு வாசல், ரெண்டும் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். இதைத் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் சாவி. பிளானில் வராத விஷயம், ஆனால் சண்டை எல்லாம் அங்கேதான் வரும். குழந்தைகள் அறைச் சாவி டீச்சரிடம் மட்டும். பொது அறைச் சாவி குழுவிடம். ஒவ்வொரு வகுப்புக்கும் பூட்டோடு ஒரு அலமாரி. கரண்ட் பில் யார் கட்டுவது, பல்பு போனால் யார் மாற்றுவது என்று அஸ்திவாரம் தோண்டும் முன்னாலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதை வைக்கப் போகிறோம். 1975-ல் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியதும் அதே தேதியில்தான். அதற்கு முன்னால் ஒரு வரைபடம் போட்டு அனுப்பு, பென்சிலில் கிறுக்கினால்கூடப் போதும். இடம் கிழமேல் 60 அடி, தென்வடல் 40 அடி. மேற்கே ஒரு வேப்பமரம் நிற்கிறது, அதை வெட்டாமல் போடு. முடிந்தால் சபைக்கு நீயே வந்துவிடு. உன் அளவுக்கு என்னால் அவர்களிடம் கணக்குச் சொல்லிப் பேச முடியாது.

பேத்திக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
உன் பழைய அறிவொளிக் கூட்டாளி