லிதுவேனியாவின் அடுப்பில் முதலில் ஏறியது உருளைக்கிழங்கு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பால்டிக் நாடுகளைப் பற்றி வெளிவந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். கோட்டைகளையும் தேவாலயங்களையும் கடற்கரை மணல்மேடுகளையும் ரசித்து எழுதியிருக்கும் கட்டுரையாளர், லிதுவேனியாவின் சாப்பாட்டுக்கு வந்ததும், அது உருளைக்கிழங்கும் பன்றிக் கொழுப்பும்தான், சொல்லிக்கொள்ளும்படி மரபு ஏதும் இல்லை என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார். கவுனாஸ் நகரில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அத்தனை ஆண்டுகளும் ஒரு மூதாட்டியின் வீட்டு மாடியில் குடியிருந்தவன். அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

அவர் பக்கம் உள்ள நியாயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அங்கே காரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊரிலிருந்து கொண்டுபோன பருப்புப்பொடி தீர்ந்த நாளில் எனக்கும் கண் கலங்கத்தான் செய்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு உணவகங்களில் முதலில் நீட்டப்படுவதும் செப்பலினாய்தான். பச்சை உருளைக்கிழங்கைத் துருவி, துணியில் கட்டிப் பிழிந்து, பிழிந்த நீரின் அடியில் படியும் மாவையும் வீணாக்காமல் சேர்த்து, நடுவில் இறைச்சியோ தயிர்ப் பாலாடைக்கட்டியோ வைத்து, உள்ளங்கை நீளத்துக்கு உருட்டி நீரில் வேகவைத்து, மேலே வறுத்த பன்றிக் கொழுப்பையும் புளித்த பாலாடையையும் ஊற்றித் தருவார்கள். இரண்டு சாப்பிட்டால் அன்று மாலைவரை வேறு எதுவும் தேவைப்படாது.

ஆனால் இந்தப் பெயரே அது எவ்வளவு புதியது என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஜெர்மானியர்களின் செப்பலின் வான்கப்பலைப் போன்ற வடிவம் என்பதால் இருபதாம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அதற்கு முன்பு வெறுமனே 'பெரிய உருண்டை' என்று பொருள்படும் ஒரு சொல்லால்தான் அழைத்தார்கள். உருளைக்கிழங்கே அந்த மண்ணில் பரவலானது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். அதற்கு முந்தைய பல நூற்றாண்டுகள் அந்த மக்களின் வயிற்றை நிரப்பியது ரை என்ற தானியமும், அதைப் புளிக்கவைத்துச் சுடும் கறுப்பு ரொட்டியும். லிதுவேனியாவின் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிற எவரும் தொடங்க வேண்டிய இடம் அந்த ரொட்டி. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

நான் குடியிருந்த வீட்டு அம்மையார் தமது பேத்தி கேலி செய்தும் கேளாமல் வாரம் ஒருமுறை வீட்டிலேயே ரொட்டி சுடுவார். முந்தைய வாரத்து மாவில் ஒரு பிடியை எடுத்து வைத்திருந்து, அதைக் கொண்டே புதிய மாவைப் புளிக்க வைப்பார். நாம் தோசை மாவுக்குப் பழைய மாவு கலப்பதுபோலத்தான். மாவின்மேல் விரலால் சிலுவைக் குறி இட்ட பிறகே அது அடுப்புக்குள் போகும். தட்டில் ஒட்டாமல் இருக்க மாவின் அடியில் நீண்ட பச்சை இலைகளைப் பரப்பினார். முகர்ந்து பார்த்தபோது எங்கோ பழகிய வாசனையாக இருந்தது. இரண்டு நாள் யோசித்துத்தான் கண்டுபிடித்தேன், அது வசம்பு! நம் வீடுகளில் கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் அதே பேர் சொல்லா மருந்தின் இலை, அங்கே ரொட்டிக்குப் பாயாகவும் மணமாகவும் இருக்கிறது.

ஒருநாள் என் கையிலிருந்து ஒரு துண்டு தரையில் விழுந்துவிட்டது. நான் அதைக் குப்பையில் போடக் குனிவதற்குள் அம்மையார் எடுத்து, ஊதி, உதட்டில் ஒற்றிக்கொண்டு மேசைமேல் வைத்தார். விழுந்த ரொட்டியை முத்தமிட வேண்டும் என்பது அங்கே குழந்தைகளுக்குச் சொல்லித் தரும் முதல் ஒழுக்கங்களில் ஒன்று. பிப்ரவரி 5ஆம் தேதி புனித ஆகத்தாளின் திருநாளில் தேவாலயத்தில் மந்திரித்து வாங்கிவரும் ரொட்டித் துண்டு வீட்டைத் தீயிலிருந்து காக்கும் என்று நம்பி அதைப் பத்திரப்படுத்துகிறவர்கள் இன்றும் உண்டு. ரொட்டிக்கு அவர்கள் மொழியில் 'துவோனா' என்று பெயர். தானியத்தைக் குறிக்கும் 'தானா' என்ற வடமொழிச் சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை என்பது மொழியியலார் ஏற்ற செய்தி. நாம் நாள்தோறும் சொல்லும் 'தானியம்' அந்தத் 'தானா' வழியாக வந்ததுதான்.

ஊருக்கு ஊர் மாறும் உணவும் கட்டுரையாளர் கண்ணில் படவில்லை. தெற்கே ட்ஸூகியா பகுதி மணற்பாங்கானது, விளைச்சல் குறைவு; அதனால் அங்குள்ளவர்கள் காட்டையும் பக்வீட் என்னும் தானியத்தையும் நம்பி வாழ்ந்தார்கள். காளானும் காட்டுப் பழமும் இல்லாவிட்டால் ட்ஸூகியாவின் பெண்களுக்கு உடுத்தத் துணியும் இருந்திருக்காது என்று அவர்களே தங்களைக் கேலி செய்து பாடும் ஒரு பழமொழி இருக்கிறது. இலையுதிர் காலத்தில் வார்யேனா சாலையில் போனால் வாளியும் கூடையுமாகக் காளான் விற்பவர்களை இன்றும் பார்க்கலாம். அவர்கள் காளான் கிடைக்கும் இடத்தை மட்டும் உடன்பிறந்தவர்களிடம்கூடச் சொல்லமாட்டார்கள்.

கட்டுரையாளர் திராகாய் கோட்டைக்குப் போயிருக்கிறார். அதன் வாசலிலேயே விற்கும் ஆட்டிறைச்சிப் பணியாரமான கிபினாய், பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் லிதுவேனியாவை ஆண்ட பெருங்கோமகன் வித்தவுதஸ் கிரிமியாவிலிருந்து அழைத்துவந்து குடியேற்றிய, துருக்கிய மொழி பேசும் கராயிம் மக்களின் உணவு. அதேபோல, உருளைக்கிழங்கைத் துருவித் தட்டில் சுடும் குகெலிஸ், யூதர்கள் சுடும் குகெல் என்ற பதார்த்தத்தோடு பெயரிலும் செய்முறையிலும் உறவுடையது. அந்நாட்டு யூதர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் நாஜி ஆக்கிரமிப்பில் கொல்லப்பட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, டிசம்பர் 24ஆம் தேதி இரவு உண்ணும் 'கூச்சியோஸ்' விருந்தை அறியாதவர், பன்றிக் கொழுப்பு என்று தீர்ப்பு எழுதியதுதான் எனக்கு வியப்பு. அன்று இறைச்சி இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை. ஆனால் மேசையில் பன்னிரண்டு பதார்த்தம் இருந்தாக வேண்டும், ஒவ்வொன்றையும் எல்லாரும் ஒரு வாயாவது சுவைத்தாக வேண்டும். ஹெர்ரிங் மீன், காளான், பீட்ரூட், தேன் கலந்த கோதுமை, கிரான்பெரிக் கூழ் என்று வரிசையாக வரும். சுண்டைக்காய் அளவில் சுட்ட கடினமான மாவுருண்டைகளைக் கசகசாப் பாலில் ஊறவைத்து உண்பது எனக்கு மிகவும் பிடித்தது. கசகசாவை ஊறவைத்துப் பால் வெளுத்து வரும்வரை அரைப்பதில் அம்மையாருக்குக் கை வலிக்கும் என்பதால் அந்த வேலையை மூன்றாம் ஆண்டிலிருந்து நான் ஏற்றுக்கொண்டேன்.

வெள்ளை விரிப்பின் அடியில் வைக்கோல் பரப்பியிருக்கும். வானில் முதல் விண்மீன் தெரிந்த பிறகே அமர்வார்கள். அந்த மேசையில் ஒரு தட்டு மட்டும் ஆளில்லாமல் இருக்கும், அதன் அருகே ஒரு மெழுகுவத்தி எரியும். அம்மையார் வீட்டில் அது அவருடைய தந்தைக்கு உரியது. 1941 ஜூன் மாதம் சோவியத் ஆட்சியினர் நாடுகடத்திச் சைபீரியாவுக்கு அனுப்பியவர்களில் ஒருவர், திரும்பவில்லை. சோவியத் காலம் முழுவதும் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுத்தான் இந்த விருந்தை உண்டதாக அம்மையார் சொன்னார். இப்போது அது அரசு விடுமுறை நாள். விருந்து முடிந்ததும் நான் பாத்திரங்களை எடுக்கப் போனேன்; அம்மையார் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். இரவில் இறந்தவர்கள் வருவார்களாம், மிச்சத்தைக் காலையில்தான் எடுக்க வேண்டுமாம்.

கடைசியாக ஒரு சிறு திருத்தம். கட்டுரையோடு வந்த படத்தில் இளஞ்சிவப்பாகக் கிண்ணத்தில் இருப்பதை 'ஸ்ட்ராபெரி பால்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது பீட்ரூட், வெள்ளரி, சதகுப்பை ஆகியவற்றைக் கெஃபிர் என்னும் புளித்த பாலில் கலந்து, அவித்த முட்டையை அரிந்து போட்டுச் செய்யும் கோடைக்காலக் குளிர் சூப். உப்புப் போட்டது, பக்கத்தில் சுடச்சுட உருளைக்கிழங்கு வைத்துச் சாப்பிடுவது. அடுத்த இணைப்பில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி.