கரடிப் பொம்மையோடு கோட்டைக்கு வருவோருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறையில் பிள்ளைகள் கரடிப் பொம்மையோடு யாழ்ப்பாணக் கோட்டை பார்க்க வருவது மகிழ்ச்சி தருகிறது. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர் பெருப்பித்து ஐங்கோணமாக்கிய கோட்டை இது. மதில் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்), அதன் சொரசொரப்பில் பொம்மையின் மயிர் சிக்கி இழுபடும். படம் எடுப்பதென்றால் கீழே ஒரு துவாயை விரியுங்கள்.

கொத்தளத்தில் கடல்நீரேரிக் காற்று பலமாக வீசும். ஒரு முழ நாடாவால் பொம்மையின் இடுப்பைப் பிள்ளையின் மணிக்கட்டோடு கட்டுங்கள். கழுத்தில் கட்டினால் தையல் பிரியும். அகழிக்குள் விழுந்தால் பொம்மையை விட்டுவிடுங்கள். பிள்ளை எட்டிப் பிடிக்கப் போவதுதான் ஆபத்து. மேலே நிழல் குறைவு, மாலை 4 மணிக்குப் பிறகே ஏறுங்கள். உப்புப் படிந்த பொம்மை ஈரத்தை இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். அன்றே ஈரத்துணியால் துடைத்து, காற்றோட்டமான நிழலில் காயவிடுங்கள்.

பெயர்ந்து கிடக்கும் முருகைக்கல் துண்டுகளைத் தயவுசெய்து வீட்டுக்கு எடுத்துப் போக விடாதீர்கள்.

வாசகர்,
யாழ்ப்பாணம்.