ஐந்தில் முடியும் பகா எண்!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரச் சிறுவர் பக்கத்தில், சதுரங்கப் பலகைக்குக் கூலியாக அரிசி கேட்டவர் கதையைப் போட்டிருந்தீர்கள். முதல் கட்டத்துக்கு ஒன்று என்று தொடங்கி, கட்டத்துக்குக் கட்டம் இரட்டித்தால் 64 கட்டங்களுக்கும் சேர்த்து 18446744073709551615 அரிசி. எண் சரி. அதன் கீழே, 'இது எதனாலும் வகுபடாத மாபெரும் பகா எண்' என்று ஒரு பெட்டிச் செய்தி. ஐயா, கடைசி இலக்கம் 5!

இதற்குக் கணித மேதை வேண்டாம். வாராவாரம் உங்களிடம் அரைப்பக்கம் வாங்கிக்கொள்ளும் எண்கணித ஜோதிடரைக் கேட்டிருந்தாலே போதும். இலக்கங்களைக் கூட்டி 87, அப்புறம் 15, அப்புறம் 6, சுக்கிரன் என்று போயிருப்பார். போகிற வழியில் 87 மூன்றால் வகுபடுவது, அப்படியானால் மூல எண்ணும் மூன்றால் வகுபடும் என்பது, அவர் கண்ணிலாவது பட்டிருக்கும்.

நான் வீட்டில் டியூஷன் எடுப்பவன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வந்து, "பத்திரிகையிலயே போட்டிருக்கு சார்" என்று என்னிடமே வாதாடினாள். கால்குலேட்டர் இவ்வளவு இலக்கங்களைக் காட்டாது. 2-இன் 64ஆம் அடுக்கில் ஒன்று குறைவு என்பதால், இரு வர்க்கங்களின் வித்தியாசச் சூத்திரப்படி 4294967295 × 4294967297 என்று பிரித்தோம். முதல் எண் அதே வழியில் 3, 5, 17, 257, 65537 என்று உடைந்துவிட்டது. இரண்டாவதுதான் வம்பு பிடித்தது. அது பகா எண் என்றே 17ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஃபெர்மா நம்பியிருந்தார். 1732இல் இன்னொரு கணித மேதை ஆய்லர்தான் அது 641ஆல் வகுபடும் என்று காட்டினார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளையே வகுக்கச் சொன்னேன். ஈவு 6700417, மீதி பூஜ்யம். ஃபெர்மா சறுக்கிய இடத்துக்கு ஒரு மரியாதை உண்டு. தாங்கள் சறுக்கியது ஐந்தாம் வாய்ப்பாட்டில்.

டிசம்பர் 22 வந்தால் ராமானுஜன் படம், டாக்ஸி நம்பர் 1729 கதை. வருஷா வருஷம் அதேதான். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றி அவர் 1915இல் பெரிய கட்டுரையே வெளியிட்டார். அதைப் பற்றியும் போடுங்கள் என்று முன்பே எழுதினேன், பதில் இல்லை. போன பட்ஜெட் செய்தியில் ஒரு 'லட்சம் கோடி'யில் லட்சத்தை விழுங்கியதைச் சுட்டிக்காட்டினேன், அதற்கும் இல்லை. ஸ்பெக்ட்ரம் விவகாரத்தில் மட்டும் 1,76,000 கோடியை ஒரு பூஜ்யம் பிசகாமல் மாதக்கணக்கில் அச்சடிக்க முடிந்தது.

சரி, பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம். எண்ணை ஒரே வரியில் போடுங்கள். சென்ற வாரம் 0737க்குப் பிறகு ஒரு கோடு போட்டு மடக்கியிருந்தீர்கள். அந்தப் பெண் அதைக் கழித்தல் குறி என்று நினைத்துக் கழித்தே விட்டாள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
விருத்தாசலம்