பணம் கட்டிப் பதிவு செய்தது கணினியில் திறக்க வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

டிடிஎச், கேபிள் கட்டணம் ஏறுவதைப் பற்றி வாசகர்கள் அடிக்கடி எழுதுகிறார்கள். கட்டணம் இருக்கட்டும். அதைக் கட்டிய பிறகும் நம் கைக்கு வராத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

நான் ஏற்காட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை. போன கோடை மழையில் இடி விழுந்து எங்கள் டிடிஎச் பெட்டி போய்விட்டது. மலையில் இது புதிதில்லை. வேறு பெட்டி கொடுத்தார்கள், சரி. ஆனால் பழைய பெட்டியில் ஹார்டு டிஸ்க் செருகி, என் வீட்டுக்காரருக்காகப் பதிவு செய்து வைத்திருந்த மார்கழிக் கச்சேரிகள் ஒன்றுகூடப் புதுப் பெட்டியில் ஓடவில்லை. கணினியிலும் திறக்கவில்லை. டிஸ்க்கில் ஒரு பழுதும் இல்லை. பதிவுகள் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ரகசிய எண் சாவியால் பூட்டப்பட்டவை. பெட்டியோடு சாவியும் போயிற்று.

அப்புறம்தான் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் சொல்லிவைத்து, டிவி சிக்னலைக் கணினியிலேயே பிடிக்க உதவும் எச்.டி. டியூனர் கார்டு வரவழைத்தேன். கணினியின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் அதைச் செருகி, தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்காக மொட்டை மாடியில் வைத்த டிஷ்ஷின் கேபிளை நேராகக் கார்டில் திருகினேன். டிஷ் முனையில் சிக்னலை வாங்கிக் கேபிளில் அனுப்பும் எல்என்பிக்கு வேண்டிய 13, 18 வோல்ட்டையும் கார்டே அனுப்பிவிடுகிறது. ஃப்ரீ டிஷ் சேனல்களை அனுப்பும் செயற்கைக்கோளான ஜிசாட்-15 நமக்குத் தென்கிழக்கே, ஏறக்குறைய 67 டிகிரி உயரத்தில் நிற்பதால் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்கள்கூடக் குறுக்கே வரவில்லை. கனமழையில் மட்டும் படம் உடையும். பதிவு செய்யக் கணினி திணறுவதில்லை. வருவதே சுருக்கிய டிஜிட்டல் சிக்னல். அப்படியே எழுதிக்கொண்டால் போதும். நொடிக்கு 8 மெகாபிட் வரும் எச்.டி. சேனல் என்றால் மணிக்கு 3.6 ஜிபி பிடிக்கும். டிடி தமிழில் நான் பதிவு செய்தது எந்தக் கணினியிலும் ஓடுகிறது.

(அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளிடம் கார்டு கேட்டுவிடாதீர்கள். அங்கே ஆன்டெனா ஒளிபரப்பு ஏடிஎஸ்சி முறை, இங்கே உதவாது. டிஷ்ஷுக்கு, செயற்கைக்கோள் ஒளிபரப்பு முறையின் பெயரான டிவிபி-எஸ்2 என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்க வேண்டும்.)

மாதாமாதம் பணம் கட்டும் எச்.டி. சேனல்களின் சிக்னலையும் இதே கார்டு பிடிக்கிறது. பிடித்து என்ன, படம் வராது. பூட்டைத் திறக்கும் வேலை நிறுவனத்தின் பெட்டிக்குள் மட்டும்தான் நடக்கும். ஐரோப்பாவில் கேம் என்ற சிறு மாட்யூலில் சந்தா கார்டைச் செருகி, அதை டிவியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். அதற்கு இடம் உள்ள கணினி கார்டுகளும் உண்டு. இங்கே வாடிக்கையாளர் சேவையில் அதைக் கேட்டால், "ரீசார்ஜ் பண்ணிட்டீங்களா மேடம்?" என்கிறார்கள்.

எந்தப் பெட்டியும் எந்த நிறுவனத்துக்கும் பொருந்த வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020-லேயே பரிந்துரைத்தது. டிவிக்குள்ளேயே செயற்கைக்கோள் டியூனர் வைப்பதற்கு இந்திய தர நிர்ணய அமைவனம் 2022-ல் தரநிலையும் கொண்டுவந்தது. ஆனால் அதனால் பயன் இலவச சேனல்களுக்குத்தான். கட்டண சேனலுக்கு ஒரு மாட்யூலை விலைக்குக் கொடுக்கச் சொல்வதில் என்ன தடை? திருட்டுப் பதிவு பயம் என்பார்கள். புதுப்படம் வந்த அன்றே செல்போனில் சுற்றுகிறதே, அவர்களெல்லாம் மாட்யூல் வாங்கியா திருடினார்கள்?

டிராய் பரிந்துரையை அமல்படுத்த, தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஒரு தேதி குறிக்க வேண்டும். அதுவரை, பெட்டி மாற்றும்போது பழைய பதிவுகளின் சாவியையும் புதுப் பெட்டிக்கு மாற்றித் தர வேண்டும் என்றாவது நிறுவனங்களுக்கு உத்தரவிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஏற்காடு, சேலம் மாவட்டம்